ஜீயஸுக்கு எந்த இலாகா?

முதல் நாள்: ஏதென்ஸ்

கிளம்பும்போது அண்ணன் மகள் என் கைப்பையில் ஒரு தாளைச் செருகினாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, இடப்பக்கம் கிரேக்கக் கடவுளர் பன்னிரண்டு பேரின் பெயர், வலப்பக்கம் அவரவர் இலாகா. ஜீயஸ்: இடி, மின்னல். ஹீரா: கல்யாணம். பொசைடன்: கடல். டிமீட்டர்: பயிர். அதீனா: அறிவு. அப்பல்லோ: சூரியன். ஆர்ட்டெமிஸ்: வேட்டை. ஏரிஸ்: போர். அஃப்ரோடைட்: காதல். ஹிஃபைஸ்டஸ்: கொல்லுப்பட்டறை. ஹெர்மிஸ்: தபால். ஹெஸ்டியா: அடுப்பு. "சரியா என்று பார்த்துவிட்டு வாருங்கள், அத்தை" என்று உத்தரவு. பதவியேற்பு விழாவுக்கு மறுநாள் பத்திரிகையில் வரும் மந்திரிசபைப் பட்டியல் மாதிரியே இருந்தது.

பிராங்பர்ட்டில் வேலை பார்க்கும் தம்பி விமான நிலையத்திலேயே வந்து சேர்ந்துகொண்டான். பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு நேரே அகோராவுக்குப் போனோம். பழைய ஏதென்ஸின் சந்தையும் நீதிமன்றமும் சபையும் எல்லாம் அதுதான். முதலில் நான் தேடியது பன்னிரண்டு கடவுளரின் பலிபீடத்தை. கி.மு. 522 வாக்கில் வைத்தது. ஊர்களுக்கு உள்ள தூரத்தை ஏதென்ஸ்காரர்கள் இங்கிருந்துதான் அளந்தார்கள். அடைக்கலம் கேட்டு வருபவர்கள் இங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கல் மூலை மட்டும். மற்றதெல்லாம் பிரேயஸ் துறைமுகம் போகும் மின்ரயில் பாதைக்கு அடியில் கிடக்கிறது. நாங்கள் நின்ற பத்து நிமிடத்தில் இரண்டு ரயில்கள் பன்னிரண்டு பேரின் தலைமேல் போயின.

தாளில் முதல் திருத்தம் ஹெர்மிஸுக்கு. தபால்காரர் என்பது அவரது ஒரு முகம் மட்டும்தான். இந்த வட்டாரத்தில் அவர் ஒரு கல். சதுரத் தூண், உச்சியில் தாடி வைத்த தலை, நடுவில் ஆண்குறி, வேறொன்றும் கிடையாது. வீட்டு வாசல், தெருமுனை, எல்லை எங்கும் நட்டு வைத்திருந்தார்கள். எல்லையைக் காப்பவர், அதனாலேயே எல்லை தாண்டுகிற எல்லாருக்கும் துணை: வழிப்போக்கன், வியாபாரி, திருடன், கடைசியில் செத்தவனும்கூட. கி.மு. 415இல் சிசிலி மேல் படை கிளம்பவிருந்த சமயம், ஒரே இரவில் ஊரிலிருந்த இந்தத் தூண்களின் முகங்களை யாரோ உடைத்துவிட்டார்கள். ஊரே கதிகலங்கிப் போயிற்று. தபால்காரரின் சிலையை உடைத்தால் யாராவது அப்படிப் பதறுவார்களா?

மேட்டில் ஹிஃபைஸ்டஸ் கோயில். கிரேக்கக் கோயில்களில் இத்தனை முழுசாக நிற்பது அபூர்வம். பல நூற்றாண்டுகள் புனித ஜார்ஜின் தேவாலயமாக இருந்ததால் பிழைத்தது. நொண்டிக் கொல்லர், தாயே மலையிலிருந்து தூக்கி எறிந்த பிள்ளை, அக்ரோபொலிஸ் குன்றின் மேலிருக்கும் அதீனா கோயிலான பார்த்தினானுக்கு எதிரே இப்படிக் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தனியாகவும் இல்லை, உள்ளே அதீனாவும் உடனிருந்தாள். கைத்தொழிலுக்கு இரண்டு பேரும் கூட்டுப் பொறுப்பு. சுற்றிலும் அந்தக் காலத்தில் உலைக்களங்கள். கீழே மொனாஸ்டிராகி சந்தையில் அவர் பேரில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது, இஃபெஸ்டு. பழைய ராணுவச் சட்டையும் செருப்பும் விற்கிறார்கள்.

ஏரிஸ் பாவம். ஹிஃபைஸ்டஸ் மேட்டுக்குக் கீழே அவருக்கும் ஒரு கோயில் இருந்தது, அடித்தளம் தெரிகிறது. ஆனால் அது வேறோர் இடத்தில் அதீனாவுக்காகக் கட்டிய கோயில். ரோமானியர் காலத்தில் கல் கல்லாகப் பிரித்துக்கொண்டு வந்து இங்கே இவருக்காக மறுபடி எழுப்பினார்கள். போர்க்கடவுளுக்குப் பழைய வீடு.

இரண்டாம் நாள்: அக்ரோபொலிஸ்

எட்டு மணிக்கே வரிசை. பல நூற்றாண்டுக் கால்கள் தேய்த்த பளிங்குப் படி எண்ணெய் தடவியது போல் வழுக்குகிறது. நுழைவாயிலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். தம்பி சிரித்தான், இரண்டாம் படியில் அவனும் விழுந்தான்.

பார்த்தினானைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடித்தது. உள்ளே சிற்பி ஃபிடியஸ் செய்த பொன்னும் தந்தமுமான அதீனா. 1687இல் துருக்கியர் வெடிமருந்து அடுக்கி வைத்திருக்க, வெனிஸ்காரர்களின் குண்டு வந்து விழுந்து நடுவயிறு போயிற்று. எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்திலிருக்கும் எரெக்தியோன். ஒழுங்கில்லாத கட்டடம். மேடு பள்ளத்தைச் சமன் செய்யாமல் அப்படியே கட்டியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு: எந்தப் பள்ளத்தையும் மூட முடியாது, எல்லாம் சாமி தொட்ட இடம்.

கதை தெரிந்ததுதான். ஊர் யாருக்கு என்று பொசைடனுக்கும் அதீனாவுக்கும் போட்டி. அவர் திரிசூலத்தால் பாறையைக் குத்தினார், உப்புநீர் வந்தது. அவள் ஓர் ஒலிவ மரத்தை முளைக்க வைத்தாள், ஜெயித்தாள். ஆனால் தோற்றவரை ஊரைவிட்டு அனுப்பவில்லை என்பதுதான் இங்கே வந்தால் தெரிகிறது. வடக்கு மண்டபத்தின் தரையில், கம்பித் தடுப்புக்குள், பாறையில் சில குழிகள். சூலம் பட்ட இடம். அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு சதுரத் துளை விட்டிருக்கிறார்கள்; அடி வந்த வழியை அடைக்கக் கூடாது என்று. மேற்கே சுவரோரம் ஓர் ஒலிவ மரம். இன்று நிற்பது கடந்த நூற்றாண்டில் நட்டது. கி.மு. 480இல் பாரசீகர் குன்றை எரித்த மறுநாளே கருகிய மரத்தில் ஒரு முழம் துளிர் வந்திருந்தது என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். வென்றவளுக்கும் தோற்றவருக்கும் ஒரே கூரைக்குள் பூசை நடந்திருக்கிறது. பூகம்பம் பொசைடனின் கையில். அந்த ஆளைப் பகைத்துக்கொண்டு இந்தப் பாறைமேல் எப்படிக் குடியிருப்பது? தாளில் 'கடல்' என்பதற்குப் பக்கத்தில் 'நிலநடுக்கம், குதிரை' என்று சேர்த்தேன். குதிரையும் அவருடையதுதான்.

மாலை கீழே அருங்காட்சியகம். பார்த்தினானின் கிழக்குப் பக்கச் சிற்பப் பட்டையில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து ஊர்வலம் பார்க்கிறார்கள். உட்கார்ந்தபடியே நிற்கும் மனிதர்களின் உயரம். பெரும்பாலோர் லண்டனில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் வெள்ளை வெளேரென்று அச்சு எடுத்த வார்ப்புகள். அசல் கல் தேன் நிறம். ஆகவே யார் ஊரில் இருக்கிறார், யார் வெளிநாடு போனார் என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். ஊரில் இருப்பவர்கள் பொசைடன், அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ். அப்பல்லோ கழுத்தைத் திருப்பிப் பின்னாலிருக்கும் பொசைடனிடம் ஏதோ பேசுகிறார். ஆர்ட்டெமிஸ் தோளிலிருந்து நழுவும் துணியை விரல்களால் இழுத்துவிட்டுக்கொள்கிறாள். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் போல் இருந்தார்கள்.

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு சரி. ஆனால் ஹெஸ்டியா இல்லை. அவள் இடத்தில் ஒயின் கடவுள் டயோனிசஸ். அண்ணன் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். "அப்படியானால் நான் போட்டது தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை, பட்டியல் அவர்களுக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறு.

மூன்றாம் நாள்: சூனியோன்

வாடகைக் கார் காலை ஒன்பதுக்கு வருவதாகச் சொன்னார்கள், பதினொன்றரைக்கு வந்தது. ஏதென்ஸிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், கடலை ஒட்டியே சாலை. முனையில் கடலுக்கு மேல் செங்குத்துப் பாறை, அதன் தலையில் பொசைடன் கோயில். கப்பலில் ஊர் திரும்பும் ஏதென்ஸ்காரனுக்கு முதலில் தெரிவது இந்த வெள்ளைத் தூண்கள்தான். ஈஜியஸ் ராஜா கறுப்புப் பாய் கட்டிய கப்பலைக் கண்டு மகன் செத்தான் என்று நினைத்துக் குதித்தது இங்கிருந்துதான் என்கிறார்கள். ஈஜியன் கடலுக்கு அவர் பெயர். ஆங்கிலக் கவிஞர் பைரனின் பெயர் ஒரு தூணடியில் செதுக்கியிருக்கிறது. சுற்றுலா வந்து சுவரில் பெயர் கிறுக்குவது நம் ஆட்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை என்று ஒரு நிம்மதி.

காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. காணிக்கை என்று எழுதிக்கொண்டேன்.

நான்காம் நாள்: எலியூசிஸ்

ஏதென்ஸிலிருந்து மேற்கே போகும் ஒரு சாலைக்கு இன்றும் இயெரா ஓதோஸ், புனிதப் பாதை, என்று பெயர். டயர் கடை, காபிக் கடை, மறுபடி டயர் கடை. இதே வழியில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சுமார் 20 கிலோமீட்டர் நடந்து டிமீட்டரிடம் போனார்கள். இன்று அந்த ஊரைச் சுற்றி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். வருகிற பயணிகள் குறைவு. எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டிமீட்டரின் மகள் பெர்சிஃபோனியைப் பாதாளத்து ஹேடிஸ் தூக்கிக்கொண்டு போனார். தகப்பன் ஜீயஸ் சம்மதித்து நடந்த காரியம். தாய்க்கு மட்டும் சொல்லவில்லை. தாய் தீவட்டி பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் தேடினாள். கிழவி வேடத்தில் இந்த ஊர்க் கிணற்றடியில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் அவளை அழைத்துப்போய்ப் பிள்ளை வளர்க்கும் வேலையில் அமர்த்தினார்கள். ஒயின் கொடுத்தபோது மறுத்து, வாற்கோதுமையும் புதினா இனத்துத் தழையும் கலந்த கூழ்த் தண்ணீர் கேட்டாள். மகளைத் திருப்பித் தரும்வரை ஒரு விதையும் முளைக்காது என்றாள். உலகமே பட்டினி. பலி கொடுக்க ஆளில்லாமல் கடவுளர்களும் ஆடிப்போய் மகளை அனுப்பினார்கள். அதற்குள் அவள் மாதுளை முத்துகளைத் தின்றிருந்தாள். ஆகவே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே, மீதி மேலே.

'பயிர்' என்று தாளில் இருப்பது பொய்யில்லை. ஆனால் இங்கே வந்தவர்கள் விளைச்சல் கேட்டு மட்டும் வரவில்லை. செத்த பிறகு என்ன என்பதற்கு ஒரு தைரியம் வேண்டி வந்தார்கள். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும், கையில் கொலைப்பழி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. பெண்களும் அடிமைகளும் தீட்சை பெறலாம். உள்ளே இரவில் பார்த்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை. பல நூற்றாண்டுகள், எத்தனையோ ஆயிரம் பேர், யாரும் முழுசாக உளறவில்லை. ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்தை ஒரு வாரம் ரகசியமாக வைத்துக்கொள்ள நமக்கு முடிகிறதா?

கிணறு இன்னமும் இருக்கிறது. வட்டக் கல் கட்டு, எட்டிப் பார்த்தால் இருட்டு. சற்றுத் தள்ளி ஹேடிஸின் குகை.

அருங்காட்சியகத்தில் தலையில் புனிதக் கூடை சுமந்த பெரிய பெண் சிலையின் மேல்பாதி. இதன் ஜோடிச் சிலை இப்போது கேம்பிரிட்ஜில். 1801இல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் வந்தபோது அது களத்து மேட்டில் கழுத்துவரை சாணக் குவியலில் புதைந்திருந்தது. அலட்சியத்தால் அல்ல, ஊர்க்காரர்கள் எருவைக் குவித்ததே அவள் மேல்தான், அவள் இருந்தால் வயல் விளையும் என்று. கோயில் மூடி ஆயிரத்து நானூறு ஆண்டு ஆகியிருந்தது. சிலையைப் பெயர்த்தால் விளைச்சல் போய்விடும் என்று தடுத்தார்கள். கிளம்புவதற்கு முந்திய நாள் ஒரு மாடு நுகத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்து சிலையை முட்டியதாம். அவர் கேட்கவில்லை. கப்பல் இங்கிலாந்துக் கரையருகே உடைந்து மூழ்கியது. சிலையை மட்டும் மீட்டார்கள். அது டிமீட்டரே இல்லை, கட்டடத்தைத் தாங்கிய தூண்பெண் என்று அறிஞர்கள் பின்னர் சொன்னார்கள். சாணம் போட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள்: ஒலிம்பியா

ஏதென்ஸின் பன்னிரண்டு கடவுளர் பீடத்திலிருந்து ஒலிம்பியாவின் ஜீயஸ் கோயிலுக்கு 1485 ஸ்டேடியா (அந்தக் காலத்துத் தூர அளவு) என்று ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு இடையில் இரண்டு காபி, ஒரு வாக்குவாதம், கொரிந்து கால்வாயில் ஒரு புகைப்படம்.

ஜீயஸ் கோயிலின் தூண்கள் வெட்டிய வாழைத்தண்டு வில்லைகள் மாதிரி வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன, பூகம்பம் தள்ளிய நிலையிலேயே. ஒன்றை மட்டும் 2004இல் நிமிர்த்தியிருக்கிறார்கள். உள்ளே இருந்த ஃபிடியஸின் ஜீயஸ் ஏழு உலக அதிசயங்களில் ஒன்று. எழுந்து நின்றால் கூரை பிய்ந்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே கிண்டல் செய்தார்கள். அது போய்விட்டது. அருகே ஃபிடியஸின் பட்டறையைத் தோண்டியபோது, அடியில் 'நான் ஃபிடியஸினுடையது' என்று கீறிய ஒரு சிறு கறுப்புக் குவளை கிடைத்தது. அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை, நான் நின்றேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கெல்லாம் நடந்து திரிந்து குறிப்பெடுத்த பவுசானியஸ்தான் எனக்கு வழிகாட்டி. அவர் சொல்லும் ஜீயஸின் பதவிகளை எண்ணினால் கை வலிக்கும். சபைக் கட்டடத்தில் இரண்டு கையிலும் இடியைப் பிடித்து நிற்பவர் சத்தியம் காக்கும் ஜீயஸ். பன்றி இறைச்சித் துண்டுகளின்மேல் வீரர்கள் சத்தியம் செய்தது அவர் முன்னால். பந்தய மைதான வாசலில் வரிசையாகப் பதினாறு வெற்றுப் பீடங்கள்: ஏமாற்றிய வீரர்களிடம் வசூலித்த அபராதத்தில் வார்த்த வெண்கல ஜீயஸ்கள் நின்ற இடம். முதல் ஆறு, கி.மு. 388இல் எதிராளிகளுக்கு லஞ்சம் கொடுத்த ஒரு குத்துச்சண்டை வீரனும் லஞ்சம் வாங்கியவர்களும் கட்டிய பணத்தில். மைதானத்துக்குள் ஓடுகிற ஒவ்வொருவனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். இன்னொருவர் ஈ விரட்டும் ஜீயஸ். சிரிக்க வேண்டாம். பலியிட்ட மாடுகளின் தொடையெலும்புச் சாம்பலைக் குழைத்துக் குழைத்தே கட்டிய பீடம் 22 அடி உயரத்துக்கு வளர்ந்து நின்ற ஊர், கோடை வெயில், ஆயிரக்கணக்கில் கூட்டம். இடியைவிட ஈக்கு அவசரமாக ஒரு கடவுள் தேவைப்பட்டிருக்கும்.

இத்தனை ஜீயஸ்களுக்கு நடுவில் வயதில் மூத்த கோயில் ஹீராவுடையது. சுமார் கி.மு. 600. முதலில் மரத்தூண்கள், ஒன்று உளுத்தால் அதற்கு மட்டும் கல் தூண் மாற்றினார்கள். ஆகவே ஒன்றுபோல் ஒன்று இல்லை: ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது, தலைக்கட்டு ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பவுசானியஸ் வந்தபோது ஒரு கருவாலி மரத்தூண் மிச்சம் இருந்ததாம். ஆண்களின் பந்தயம் தவிர, ஹீராவுக்காகக் கன்னிப் பெண்கள் இதே மைதானத்தில் ஓடினார்கள். தாளில் அவளுக்கு 'கல்யாணம்' மட்டும்தான். பக்கத்தில் 'ஓட்டப்பந்தயம்' என்று எழுதினேன்.

இன்னொரு குறிப்பு: இந்த ஊரில் முதல் பலி ஜீயஸுக்கு இல்லை. ஹெஸ்டியாவுக்கு. இரண்டாவதுதான் ஊருக்கே உடையவருக்கு.

ஆறாம் நாள்

கார். மழை. ரியோ என்ற ஊரில் கடலுக்குக் குறுக்கே நீளமான பாலம். தம்பி பாலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். பொறியாளன், வேறென்ன செய்வான்.

ஏழாம் நாள்: டெல்ஃபி

பர்னாசஸ் மலைச்சரிவில் தொங்குகிற மாதிரி ஓர் இடம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஒலிவ மரம், கடல்வரை.

அப்பல்லோ என்றால் சூரியன் என்பதை முழுக்க அடித்துவிட்டேன். பழங்கவிஞர் ஹோமரின் காலத்தில் சூரியனுக்கு ஹீலியோஸ் என்று தனி ஆள் இருந்தார். ஹோமரின் அப்பல்லோ வில்லோடு இரவு போல இறங்கி வருகிறார்; முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும் சாகின்றன, பிறகு மனிதர்கள். கொள்ளைநோயை அனுப்புவதும் அவர், எடுப்பதும் அவர். நம் மாரியம்மனை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கே அவர் குறி சொல்பவர். சொல்வது பித்தியா என்ற உள்ளூர்ப் பெண், பிற்காலத்தில் ஐம்பது வயது கடந்தவள். நினைத்தபோதெல்லாம் கேட்க முடியாது, மாதம் ஒரு நாள். அன்றும் முதலில் ஒரு வெள்ளாட்டின் மேல் குளிர்ந்த நீர் தெளிப்பார்கள்; ஆடு உடம்பை உதறி நடுங்கினால்தான் சாமி தயார். நடுங்காத ஆட்டைத் தொடர்ந்து நனைத்து வற்புறுத்தியதில் ஒரு முறை பித்தியா வெறிகொண்டு அலறி ஓடி, சில நாளில் இறந்துபோனாள் என்று இங்கே பூசாரியாக இருந்த புளூட்டார்க் எழுதுகிறார். ஆடு உதறினால் உத்தரவு என்று காத்திருப்பவர்களை நான் சின்ன வயதில் எங்கள் குலதெய்வக் கோயிலில் பார்த்திருக்கிறேன். கல் படியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, வெயில் ஏறுகிறது" என்று தம்பி வந்து எழுப்பினான்.

குளிர்காலம் மூன்று மாதம் அப்பல்லோ வடக்கே போய்விடுவார். அப்போது கோயில் டயோனிசஸ் கையில். நிதானத்தின் கடவுள் ஊரில் இல்லாதபோது போதையின் கடவுள் பொறுப்பேற்பார். யாருக்கும் அதில் முரண் தெரியவில்லை. பெண்கள் மலைமேல் ஏறி இரவில் ஆடினார்கள். ஒருமுறை பனிப்புயலில் சிக்கி, தேடிப்போனவர்களின் மேலங்கி மரக்கட்டைபோல் விறைத்துவிட்டதாம்.

மதியம் கிளம்பி, இரவு லிட்டொகோரோ. ஒலிம்பஸின் அடிவாரம்.

எட்டாம் நாள்: ஒலிம்பஸ்

காலை பிரியோனியா, 1100 மீட்டர். அங்கே சாலை முடிகிறது. அதற்கு மேல் பீச் மரக்காடு, பிறகு பைன், பிறகு கல். எங்கள் இலக்கு சிகரம் இல்லை. 2100 மீட்டரில் இருக்கும் மலைவிடுதி. மிட்டிகாஸ் உச்சி 2917 மீட்டர். 1913 வரை யாரும் ஏறியதாகப் பதிவில்லை. இரண்டு சுவிஸ்காரர்களும் உள்ளூர் வேட்டைக்காரர் கிறிஸ்டோஸ் கக்கலோஸும் முதலில் ஏறினார்கள்.

காற்றும் அசைக்காது, மழையும் நனைக்காது, பனியும் விழாது என்று ஹோமர் இந்த மலையைச் சொல்லியிருக்கிறார். வந்து பார்க்கவில்லை போலும். பதினொரு மணிக்கு மேகம் இறங்கியது. பன்னிரண்டுக்கு ஆலங்கட்டி. மேலே எங்கேயோ இடி உருண்டு பள்ளத்தாக்கில் நாலைந்து முறை திரும்பி வந்தது. ஜீயஸ் என்ற சொல்லும் வேதத்தின் 'த்யௌஸ்' என்ற சொல்லும் ஒரே வேர், வானம் என்றுதான் பொருள் என்று படித்திருந்தேன். வானத்துக்கு இலாகா ஒதுக்குவது எப்படி என்று ஒரு பாறைக்கடியில் குந்தியபடி யோசித்தேன். எதிரே விடுதிக்கு மாவும் எரிவாயு சிலிண்டரும் சுமந்து போன கோவேறு கழுதைகள் எங்களைச் சட்டை செய்யாமல் கழுத்துமணி ஒலிக்க ஏறிப் போயின. அவற்றின் பின்னாலேயே நாங்களும்.

விடுதியில் முப்பது பேர் இருப்போம். நாலைந்து மொழிகள். நுழைந்ததும் காலணியைக் கழற்றச் சொன்னார்கள். எல்லாருடைய ஈரக் காலுறைகளும் கணப்பைச் சுற்றி வரிசையாகத் தொங்கின. ஒரு செக் நாட்டு அம்மாள் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் வந்தன.

கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். ஓரம் நனைந்திருந்தது. ஜீயஸின் கட்டத்தில் எழுத இடமே இல்லை. ஹெர்மிஸ் அடித்து எழுதியது, அப்பல்லோ அடித்து எழுதியது, ஹீரா, பொசைடன், டிமீட்டர் எல்லாரும் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஓரத்தில் பதின்மூன்றாவதாக டயோனிசஸ். அஃப்ரோடைட்டை இந்தப் பயணத்தில் சந்திக்கவே இல்லை. அவளுக்குத் தீவுகள் பக்கம் தனியாக வர வேண்டும்.

கடைசி வரியில் மட்டும் என் பேனா படவில்லை. ஹெஸ்டியா: அடுப்பு. எட்டு நாளில் அவளுக்கென்று ஒரு கோயிலும் பார்க்கவில்லை, ஒரு சிலையும் பார்க்கவில்லை. புதிய ஊரில் குடியேறப் போனவர்கள் தாய் ஊரின் அடுப்பிலிருந்து நெருப்பைக் கொண்டுபோனார்கள். விருந்தில் கடவுளருக்கென்று ஊற்றும் முதல் ஒயினும் கடைசி ஒயினும் அவளுக்கு.

விடுதிக்காரர் வந்து கணப்பில் ஒரு கட்டையைச் செருகிவிட்டுப் போனார். தம்பியின் காலுறை கருக ஆரம்பித்தது. இறக்கித் திருப்பிப் போட்டேன்.